கெடிகே குருநாகலில் இல்லை

கேள்வி: நாலந்தா கெடிகே 7° 40′ வடக்கு, 80° 38′ கிழக்கு என்று படித்தேன். கைப்பேசியில் 7.40, 80.38 என்று போட்டால் குருநாகலுக்குத் தெற்கே காட்டுகிறதே, ஏன்?
– வாசகர், உக்குவளை

பதில்: கைப்பேசியைத் திட்டாதீர்கள், சொன்னதைச் செய்தது. ஒரு பாகைக்கு 60 கலை. நீங்களோ ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கில் போட்டுவிட்டீர்கள். 40ஐயும் 38ஐயும் 60ஆல் வகுத்து, 7.667, 80.633 என்று போடுங்கள். அங்கே நீர்த்தேக்கம் வந்தபோது கெடிகேயைக் கல் கல்லாகப் பெயர்த்து இடம் மாற்றிக் கட்டினார்கள்தான். அதற்காக 40 கிலோமீற்றரா?

அடுத்து காணி வரைபடத்தைக் கையில் எடுப்பீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. அதில் பாகை இராது, மீற்றர்தான். பீதுருதாலகால மலையை மூலப்புள்ளியாக வைத்து, அதற்குப் பழைய முறையில் கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்று கொடுத்தார்கள். 1999 முறையில் இரண்டும் 500,000. மாத்தளை நகரம் பழையதில் வடக்கு சுமார் 252,000, புதியதில் 552,000. 300,000ஐக் கூட்டிக் கழிப்பது இடத்தை உத்தேசமாக அறியத்தான். எல்லைக்கல் நட நில அளவையாளர் வேண்டும். பழைய எண்ணை அப்படியே புதிய முறையில் போட்டாலோ காணி இந்து சமுத்திரத்தில். வேலி போட மீனவரைத்தான் கூப்பிட வேண்டும்.