அப்பாயிக்கு ஈசி மோட்

எங்கள் அப்பாயி ஆயுசெல்லாம் றக்வானப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மடுவத்தில் நிறுக்கும்போது ஒரு கிலோவைக் குறைத்து எழுதினால், சாக்கைத் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்து கணக்கப்பிள்ளையை ஒரு வழி பண்ணிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு 'டெக்னோலொஜி விளங்காது' என்று பட்டம் சூட்டியவன் கொழும்பில் வேலை பார்க்கும் என் தம்பி. தீபாவளிக்கு வந்தவன் அப்பாயியின் டச் போனை வாங்கி, ஈசி மோட் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டான்.

ஈசி மோட் போட்டால் படங்கள் பெருக்கும், எழுத்து தடிக்கும். நமக்கு எது வேண்டாம் என்பதை அதுவே முடிவு செய்து பின்னால் தள்ளிவிடும்.

குவைத்தில் இருக்கும் அத்தைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு இமோ வீடியோ கோலில் பேசினால்தான் அப்பாயிக்குச் சோறு இறங்கும். அந்த வெள்ளிக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு என் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்.

"ராசா, இது என் போன் இல்ல. ஒந்தம்பி மாத்திக் குடுத்துட்டான்."

"இதுதான் அப்பாயி. ஒங்களுக்கு லேசா இருக்கட்டும்னு பெருசாக்கி வச்சிருக்கான்."

"எனக்குக் கண்ணு தெரியலன்னு அவங்கிட்ட யாரு சொன்னா?"

கண்ணில் கோளாறே இல்லை. அப்பாயி எழுத்தைப் படிப்பதுமில்லை, படத்தைப் பார்ப்பதுமில்லை. கீழிருந்து இரண்டாவது வரிசை, வலது ஓரம்: அதுதான் இமோ. மலையில் தன் நிரை எந்த வளைவில் தொடங்கி எங்கே முடியும் என்று தெரிந்து வைத்திருந்த மாதிரி, விரல் தானாக அங்கே போகும். இப்போது அந்த இடத்தில் கெமரா குடிவந்திருந்தது. போனைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் கூரைத் தகரத்தின் படங்கள்.

இந்த உபகார புத்தி பெரிய இடத்திலிருந்தே வருகிறது. கணினிக்குப் பயந்தவர்களுக்காக என்று சொல்லி 1995 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் 'பொப்' என்ற மென்பொருளை விற்பனைக்கு விட்டது. திரையில் ஒரு வீடு தெரியும். கடிதம் எழுத, நாள் பார்க்க எல்லாவற்றுக்கும் அந்த வீட்டுச் சாமான்களைத் தொட வேண்டும். ரோவர் என்ற நாய் வழி சொல்லும். குளிர்காய அடுப்பு வைத்த வரவேற்பறை என்ன, அறைக்கு அறை கதவென்ன! பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்து எழும்பும் எங்கள் லயத்துச் சனத்திடம் அதைக் காட்டியிருந்தால், தொரை பங்களா என்று நினைத்து செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

ஆனாலும் பொப் மனசு தங்கம். கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்தால், மறந்துவிட்டதா, புதிதாக ஒன்றை வைத்துக்கொள் என்று கேட்கும். அடித்தது வீட்டுக்காரரா திருடனா என்றெல்லாம் விசாரிக்காது. பேங்க் அட்டையின் உறையிலேயே பின் நம்பரை எழுதி வைத்திருக்கும் எங்கள் ஊருக்கு ஏற்ற பாதுகாப்பு. இவ்வளவு எளிமையும் ஓட 8 எம்பி நினைவகம் கேட்டது. அந்தக் காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றில் அது கிடையாது. 1996 தொடக்கத்தில் கடையை மூடிவிட்டார்கள். நாய் மட்டும் பிழைத்துக்கொண்டு 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியில் தேடிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தது.

ஜப்பான்காரர்கள் கொஞ்சம் நிதானம். அங்கே டொகோமோ விற்கும் 'ரக்கு ரக்கு' போனில் வேண்டிய மூன்று பேருக்கு மூன்று தனிப் பொத்தான் வைத்தார்கள். அந்தப் பக்கம் பேசுகிறவர் படபடவென்று பொரிந்தால், அந்தப் பேச்சை மெதுவாக்கித் தரும் வசதியும் கொடுத்தார்கள். குவைத் அத்தை பேசிக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனக்குப் பிடித்தது அந்தப் பொத்தான்கள்தான். கொழும்பிலிருந்து எந்தப் பேரன் வந்தாலும் அவற்றை இடம் மாற்ற முடியாது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2022 ஜூலையில், பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது, அரசாங்கம் அதைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறையைக் கொண்டுவந்தது. பதிவதற்கு வாகனத்தின் செஸி நம்பர் வேண்டும், போனுக்கு வரும் இரகசிய நம்பர் வேண்டும். எங்கள் த்ரீவீல் மாமாக்கள் கொமியுனிகேசன் கடைப் பையனைப் பிடித்துப் பதிந்தார்கள். வந்த படத்தை அச்சடித்து, லெமினேட் பண்ணி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அதற்கு சார்ஜ் வேண்டாம், டேட்டா வேண்டாம், இராத்திரியில் அப்டேட் ஆகி முகம் மாறாது. மறு வருசம் செப்டெம்பரில் அந்த முறையை எடுக்கும்வரை அட்டை வைத்த பையிலேயே இருந்தது. இந்த நாட்டில் நான் பார்த்த மிக எளிய திரை அதுதான்.

கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்து உதவும், மறுக்கவில்லை. அப்பாயிக்கு வேண்டியது பெரிதும் இல்லை, எளிதும் இல்லை. வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈசி மோடை எடுத்துவிட்டேன். இமோ தன் ஓரத்துக்குத் திரும்பியது, அத்தையின் முகமும் வந்தது.

சித்திரைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளே, பெரியவர்களின் போனை வாங்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே அமுக்குகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பாருங்கள். ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்று கை அரித்தால், ஒரு ரீலோட் போட்டுவிட்டுப் போங்கள்.