நாளுக்கொண்டு எழுதப் போற தம்பிக்கு

தம்பி, வாற திங்கள் துவக்கம் நாளுக்கொண்டு எழுதப் போறீராம். ஒரே விசயத்தைப் பற்றி, ஒரு நாளும் தவறாமல், வருசம் முழுக்க. விசயம் என்னவெண்டு கேட்டதுக்கு, ‘கொழும்புத் தமிழர் வாழ்வு’ எண்டு சொன்னீர். சொல்லேக்கை கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர். நீர் எழுதப் போறதும் கண்ணை மூடிக்கொண்டுதான் எண்டு எனக்கு அப்பவே விளங்கிப்போச்சு.

நான் கொடிகாமத்திலை தேங்காய் எண்ணின ஆள். எழுத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் வெள்ளவத்தையிலை மகளின்ரை பிளட்டுக்கு வந்த நாள் துவக்கம் பேப்பர் வாசிக்கிறதை விட்டால் வேறை வேலையில்லை. எழுதுறவருக்குத் தெரியாத சில சங்கதி வாசிக்கிறவனுக்குத் தெரியும். அதிலை நாலைச் சொல்லுறன். எடுக்கிறதும் விடுகிறதும் உம்மடை பாடு.

முதலிலை, கெதியா நிப்பாட்டுறதுக்கு வழி சொல்லித் தாறன். கனபேர் நிப்பாட்டுறதுக்குத்தானே தொடங்குகினம்.

நல்ல பெரிய தலைப்பாய் வையும். அதுக்கொரு சின்னம் கீறுவியும். கீறின பெடியனோடை நிறத்துக்காக ஒரு கிழமை சண்டை பிடியும். பிறகு காலி வீதியிலை காணுற ஆக்களுக்கெல்லாம், சீலைக்கடை முதலாளி வரைக்கும், ‘எழுதப் போறன்’ எண்டு சொல்லும். எல்லாரும் தோளிலை தட்டிக் கெட்டிக்காரன் எண்டு சொல்லுவினம். எழுத முதலே புகழ் கிடைச்சால் பிறகேன் மினக்கெட்டு எழுதுவான்?

அதுக்கும் மேலை எழுதத்தான் வேணுமெண்டால், கையிலை உள்ளதையெல்லாம் முதற்கிழமையே கொட்டும். ஒரு நாளைக்குச் செட்டியார் தெரு நகைக்கடை. அடுத்த நாள் கொச்சிக்கடை அந்தோனியார். அதுக்கடுத்த நாள் இராமநாதன் துரை கருங்கல்லாலை கட்டுவிச்ச பொன்னம்பலவாணேசர் கோயில். பிறகு கொட்டாஞ்சேனை லூசியாள் பேராலயம், ஜம்பட்டா வீதி, அம்மம்மா, அம்மம்மான்ரை இடியப்பம். எட்டாம் நாள் காலமை எழும்பிப் பார்த்தால் ஒண்டும் இராது. அப்ப, ‘இன்று எனக்கு எழுத ஒன்றுமில்லை’ எண்டு உருக்கமா ஒண்டு எழுதும். அதைத்தான் சனம் கனக்கப் பாராட்டும். அந்தத் துணிவிலை பத்தாம் நாளும் அதையே எழுதும். இடைக்கிடை, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால், எத்தினை பேர் வாசிச்சவை எண்டு பாரும். இதையெல்லாம் ஒழுங்காச் செய்தீரெண்டால் மூண்டாம் கிழமை உமக்குத் தடிமன் வரும். தடிமன் மாறினாப் போலை எழுதுவம் எண்டு சொல்லுவீர். தடிமன் மாறும்.

சரி, பகிடியை விட்டிட்டு வாறன்.

எங்கடை ஊரிலை ஆட்டைக் கட்டையடிச்சுக் கட்டுவினம். அவிட்டுவிட்ட ஆடு பத்து வளவுக்குள்ளை பூந்து, பத்துப் பேரிட்டை அடி வாங்கி, பின்னேரம் வெறும் வயித்தோடை வரும். கட்டின ஆடு தன்ரை கயிறு எட்டின வட்டத்துக்குள்ளை ஒரு கோரையையும் விடாது, நெருஞ்சியையும் விடாது. ‘கொழும்புத் தமிழர் வாழ்வு’ எண்டால் கயிறே இல்லை, தம்பி. வெள்ளவத்தைச் சந்தை துவக்கம் சவோய் தியேட்டர் வரைக்கும் காலி வீதியின்ரை நடைபாதையிலை விக்கிற சாமான், நாளுக்கொண்டு எண்டு வையும். அது கயிறு. ‘இவ்வளவுதானோ’ எண்டு உமக்கு இப்ப முகம் சுருங்குது. சுருங்கட்டும்.

சிரித்திரன் சுந்தர் எண்டு பேரெடுத்த சிவஞானசுந்தரத்தைத் தெரியுமோ? தினகரனிலை கேலிச்சித்திரம் கீறேக்கை அவர் உலகத்தைக் கீறப் போகேல்லை. சவாரித்தம்பர் எண்டு ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவரைப் பிடிச்சார். ஊரின்ரை நடப்பு, நாகரிகம், பம்மாத்து எல்லாம் அந்தக் கிழவருக்குள்ளாலை வெளியிலை வந்துது. கிழவர்மாரைக் குறைவா நினைக்கக் கூடாதெண்டதுக்கும் இது உதாரணம். ஆனால் அதை நான் சொல்லக் கூடாது.

உமக்கு நம்பிக்கை வராது. வாரும், ஒரு தெம்பிலிக்காரரைக் காட்டுறன். செவ்விளநீர்க் குலையைத் தள்ளுவண்டிலிலை தொங்கவிட்டுக்கொண்டு நிப்பார். நீர் கேட்டவுடனை ஒரு காயை இடக்கையிலை ஏந்துவார். கத்தியாலை மேல்பக்கம் மூண்டு சீவல். ஒவ்வொரு சீவலுக்கும் காய் கையுக்குள்ளை கொஞ்சம் திரும்பும், கை திரும்பாது. நாலாவது வெட்டு கத்தி நுனியாலை, மெல்ல; ஒரு சின்ன மூடி எழும்பும், ஒரு துளி சிந்தாது. இவ்வளவும் செய்யேக்கை அவர் காயைப் பாரார். காசைக் கையிலை எடுத்திட்டீரோ எண்டு உம்மைத்தான் பார்ப்பார். குடிச்சு முடிய வெறுங்கோம்பையை வாங்கி ஒரே போடு. ரண்டாப் பிளந்து, பக்கத்துத் தோலிலை ஒரு சீவல் அடிச்சுத் தருவார். வழுக்கை வழிச்சுத் தின்ன அதுதான் கரண்டி.

இது ஒரு நாள். காய் எங்கையிருந்து, எந்த நேரம் வந்திறங்குது எண்டு கேட்டால் அது ரண்டாம் நாள். கோம்பைக் குவியலை ஆர் கொண்டு போகினம் எண்டு பார்த்தால் மூண்டாம் நாள். மழை பிடிச்சு ஒருத்தரும் தெம்பிலி குடிக்காத நாளிலை அவர் என்ன விக்கிறார் எண்டது நாலாம் நாள். ஒரு தெம்பிலிக்காரருக்குள்ளை நாலு நாள் கிடக்குது. நீர் அம்மம்மாவையும் அந்தோனியாரையும் ஒரே கிழமையிலை தீர்க்கப் பார்க்கிறீர்.

இனித்தான் முக்கியமான சங்கதி. சரக்கு முடியிற நாளுக்குத்தான் எல்லாரும் பயப்பிடுகினம். அந்த நாள்தான் நல்ல நாள், தம்பி. ஏனெண்டு கேளும்.

1966இலை குணசேன நிறுவனத்தார் கொழும்பிலை தினபதி எண்டு ஒரு தமிழ்ப் பேப்பர் தொடங்கிச்சினம். ஆசிரியர் எஸ்.டி. சிவநாயகம், மட்டக்களப்பு மனுசன், முதல் ‘சுதந்திரன்’ பேப்பரிலை இருந்தவர். அந்தப் பேப்பரிலை ‘தினம் ஒரு சிறுகதை’ எண்டு ஒரு திட்டம் வைச்சினம். கிழமைக்கு ஒண்டில்லை, நாளுக்கொரு கதை. கவிதைக்கும் ‘கவிதா மண்டலம்’ எண்டு இடம் விட்டினம்.

நீர் கணக்குப் படிச்சனீர், யோசிச்சுப் பாரும். அந்த நாளையிலை பேர் போன எழுத்தாளர் எத்தினை பேர் இருந்திருப்பினம்? அவையள் மாதத்துக்கு எத்தினை கதை எழுதுவினம்? ஒரு சுற்று வந்தால் பெரிய ஆக்கள் முடிஞ்சுது. ஆனால் பேப்பர் நாளைக்கும் அடிக்கவேணும். மெசின் ஓடுற நேரத்துக்குக் கதைக்கு விட்ட இடம் நிரம்பவேணும். அப்பதான் கதவு திறந்துது. ஊர் பேர் தெரியாத பெடியளும் பெட்டையளும், மலையகத்திலை, கிழக்கிலை, தெற்கு முஸ்லிம் ஊர்களிலை எண்டு எல்லா மூலையிலையும் இருந்து உள்ளுக்கு வந்தினம். மூத்த எழுத்தாளரின்ரை சிபாரிசோடை வந்தவையும் உண்டு. கிழமைக்கொரு கதை போடுற பேப்பர் அவையளை வாசலிலையே நிப்பாட்டியிருக்கும். நாளுக்கொரு கதை போடுற பேப்பருக்கு அந்தக் கெறுக்கு ஏலாது. பிறகு பேரெடுத்த கனபேர், முதற்கதை தினபதியிலைதான் வந்ததெண்டு இண்டைக்கும் சொல்லுகினம்.

எல்லாம் நல்ல கதையோ எண்டு கேட்பீர். இல்லை. சிலது வாசிச்சால் தேத்தண்ணி ஆறிப்போகும். ஆனால் நல்ல கதை வாறதுக்கு அந்த ஆறின தேத்தண்ணியும் வேண்டிக் கிடந்துது. அதோடை, 1974இலை அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தாலை தினபதி அடிச்ச அச்சகத்துக்கே சீல் வைச்சுது. 1977இலைதான் திரும்பத் திறந்துது. அவையளுக்கு எழுதாமல் விட அரசாங்கம் வந்து பூட்டவேண்டியிருந்துது. உமக்குத் தடிமன் காணும்.

உம்மடை எழுத்துக்கும் இதுதான் நடக்கும். உமக்குப் பிடிச்ச பெரிய விசயமெல்லாம் முதல் மாதத்திலை முடிஞ்சு போகும். பிறகு வேறை வழியில்லாமல், நீர் திரும்பியும் பாராத ஆக்களுக்குக் கதவைத் திறப்பீர். குடைக்குக் கம்பி மாத்துறவர். சப்பாத்துத் தைக்கிறவர். சந்தை வாசலிலை வல்லாரையும் பொன்னாங்காணியும் பிடியாக் கட்டி வைச்சிருக்கிற மனுசி. ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலை இருந்து காலி வீதியாலை தேர் வரேக்கை எல்லாரும் தேரை எழுதுவினம். உமக்கு அதுக்குள்ளை தேர் அலுத்திருக்கும். வீதியோரத்திலை கரும்பு வெட்டி விக்கிறவனிட்டைப் போவீர். அண்டைக்குத்தான் நீர் எழுதத் தொடங்கின நாள். அதுக்கு முதல் எழுதினதெல்லாம் ஒப்பிச்சது.

உதவிக்கு ரண்டு புத்தியும் சொல்லிவிடுறன். ஒண்டு, சின்னனா எழுதும். சென்னை வானொலியிலை தென்கச்சி சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ எண்டு பத்து வருசத்துக்கு மேலை காலமையிலை கதைச்சார். விவசாயம் படிச்ச மனுசன். சில நிமிசம், ஒரு சங்கதி, கடைசியிலை ஒரு பகிடி, முடிஞ்சுது. அரை மணித்தியாலம் தாறம் எண்டு ஆரும் கேட்டு, அவரும் ஓமெண்டிருந்தால் ஆறு மாதத்திலை ஆள் படுத்திருப்பார். ரண்டாவது, மூண்டு கட்டுரை எப்பவும் லாச்சிக்குள்ளை கிடக்கட்டும். காய்ச்சல் நாளுக்கு அது. பஞ்சி நாளுக்கு எடுக்காதையும். எடுத்துப் பழகினால் எல்லா நாளும் பஞ்சி நாள்தான். ஒண்டும் ஓடாட்டில் 57ஆம் ஒழுங்கையிலை தமிழ்ச் சங்கம் இருக்குது. 1942இலை தொடங்கின சங்கம். அங்கத்தை நூலகத்திலை ஒரு மணித்தியாலம் இரும். ஆனால் அங்கையே குடியிருக்காதையும். உம்மடை கயிறு நடைபாதையிலை கட்டினது.

‘இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும்?’ எண்டு உம்மடை வாய் சொல்லேல்லை, மூஞ்சை சொல்லுது.

புதுச்சேரியிலை ஆனந்தரங்கப்பிள்ளை 1736 துவக்கம் 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, பிரெஞ்சுக் கவர்னர் துப்ளேக்ஸ் துரை ஆரோடை கோபிச்சார், ஊருக்குள்ளை என்ன வதந்தி. ஒருத்தரும் மாலை போடேல்லை. புதுச்சேரி இங்கிலீசுக்காரரிட்டை விழுந்த அதே மாதம் அவர் கண்ணை மூடினார். இண்டைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பார்க்கவேணுமெண்டால் அவற்றை படலையைத்தான் தட்டவேணும். லண்டனிலை சாமுவேல் பீப்ஸ் எண்டு ஒரு உத்தியோகத்தர் 1660இலை நாட்குறிப்புத் தொடங்கினார். 1666இலை ஊரே பத்தியெரியேக்கை, தன்ரை வைனையும் சீஸ் கட்டியையும் மண்ணுக்குள்ளை தாட்டதை எழுதி வைச்சார். நெருப்பைப் பற்றிக் கனபேர் எழுதிச்சினம். சனம் மறக்காதது அந்தச் சீஸ் கட்டியை. 1669இலை, கண் போகப் போகுதெண்டு பயந்து நிப்பாட்டினார். கண் போகேல்லை. பிறகும் முப்பத்துநாலு வருசம் இருந்தார். அந்த முப்பத்துநாலு வருசமும் அப்பிடி எழுதியிருந்தால் எப்பிடியிருந்திருக்கும் எண்டு வாசிக்கிறவை இண்டைக்கும் அந்தரப்படுகினம்.

உமக்கு முந்நூறு வருசம் பொறுக்கேலாதெண்டு தெரியும். அதுக்கு முதல் கிடைக்கிறதைச் சொல்லுறன். கொஞ்ச நாள் போக, தெம்பிலிக்காரர் உம்மைத் தூரத்திலை கண்டவுடனை ‘மல்லீ’ எண்டு சிங்களத்திலை கூப்பிடுவார். காய் விக்க இல்லை, ஒரு புதினம் சொல்ல. கீரைக்கார மனுசி, பக்கத்துக் கடைக்காரனின்ரை அநியாயத்தை உம்மட்டை முறையிடுவா. அவையளுக்கு நீர் எழுதுறது வாசிக்கக் கிடைக்காது. சிலருக்குத் தமிழும் தெரியாது. ஆனால் நீர் நிண்டு பார்க்கிற ஆள் எண்டு தெரியும். கொட்டாஞ்சேனையிலை இருந்து வந்த உமக்கு, வெள்ளவத்தை அண்டைக்குத்தான் ஊராகும். இஞ்சை இருபது வருசம் பிளட்டிலை இருந்தும் அது கிடைக்காத ஆக்களை எனக்குத் தெரியும். லிஃப்டுக்குள்ளை நிண்டு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு வருவினம்.

கடைசியா ஒண்டு. நான் உம்மடை எழுத்தை நாளாந்தம் வாசிப்பன். நல்லாயிருக்கெண்டு ஒரு நாளும் சொல்ல மாட்டன். நல்லாயில்லை எண்டும் சொல்ல மாட்டன். ஒரு நாள் வராட்டில் உம்மட்டை ஏனெண்டு கேட்கவும் மாட்டன். நேரை உம்மடை கொம்மாவிட்டைப் போய், ‘பிள்ளைக்கு உடம்புக்கு ஏலாதோ?’ எண்டு மட்டும் கேட்பன். அவ உடனை கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சு, நீர் குடிச்சு முடியும்வரைக்கும் பக்கத்திலை நிப்பா. யோசிச்சுப் பாரும், எழுதுறது லேசு.