பத்து யூரோ பிரபு

போர்தோவின் உயர்ரக சிவப்பு வைன்களை 1855-இல் ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவற்றின் விலை எனக்கு அத்துப்படி, ருசி தெரியாது. 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்டு இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது. நூற்றுப் பதினெட்டு வருஷம்! அலுவலகத்தில் என் பதவி உயர்வும் அதே வேகத்தில்தான் நகர்கிறது. ஆகவே என் வரம்பு, புட்டிக்குப் பத்து யூரோ.

பத்து யூரோவுக்குள் உடனே குடிக்க ஆசைப்படுகிறவருக்கு பொழோலே போதும். கமே திராட்சை, துவர்ப்பு குறைவு, லேசாகக் குளிரவைத்தால் இன்னும் நன்று. வைத்துக் குடிக்க ஆசைப்பட்டால்தான் சங்கடம். துவர்ப்பும் புளிப்பும் கெட்டியாக இருக்கும் வைன்தான் வயதைத் தாங்கும். காஓர், மதிரான் இரண்டும் அந்த ஜாதி, விலையும் கட்டுப்படி. இளசாக இருக்கும்போது வாயில் விட்டால் பிஞ்சு வாழைக்காயைக் கடித்தாற்போல நாக்கு மடங்கும். அந்த முகத்தோடு "ஆஹா, நல்ல எதிர்காலம்" என்று சொல்லப் பழகிவிட்டேன். என் பையனின் மார்க் பட்டியலுக்கும் இதே வசனம்தான்.

எதிர்காலத்துக்கு இடம் வேண்டுமே. பாரிஸ் புறநகரில் எங்கள் குடியிருப்பின் அடியில் வீட்டுக்கொரு நிலவறை உண்டு. இருட்டு, பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி குளிர். தக்கை காயாமலிருக்கப் புட்டியைப் படுக்கவைக்க அலமாரியும் போட்டேன். செப்டம்பரில் சூப்பர்மார்க்கெட்டுகள் நடத்தும் வைன் விற்பனையில் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் '2030', '2032' என்று சீட்டுக் கட்டினேன்.

புதுச்சேரியிலிருந்து மச்சான் வந்தார்.

"மாப்ள, 2030-ன்னு எழுதியிருக்கே, காலாவதித் தேதியா? கெட்டுப்போறதுக்குள்ள முடிச்சிடுவோம்."

முடித்தார். குடும்பத்தில் பாதாள அறை வைப்பது சுலபம், அதில் எதையாவது மிச்சம் வைப்பதுதான் கஷ்டம்.

இப்போது என் பக்தி ஸ்பெயின் பக்கம் திரும்பியிருக்கிறது. ரியோஹாவில் புட்டி மேல் 'ரெசெர்வா' என்று போட வேண்டுமானால் மூன்று வருஷமாவது அவர்களே முதிரவைத்திருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒரு வருஷம் ஓக் பீப்பாயில். இது சட்டம். இடம் அவர்களுடையது, பொறுமை அவர்களுடையது, மச்சான்களைச் சமாளிப்பதும் அவர்கள் பாடு. நல்ல ரெசெர்வாவே சில சமயம் என் வரம்புக்குள் அகப்படுகிறது. வெள்ளிக்கிழமை வாங்கி சனிக்கிழமை திறந்தால் போதும், மூன்று வருஷம் காத்திருந்தவனுடைய தோரணை இலவசம்.

இதைப் பெருமையாக வீட்டில் விளக்கினேன். மனைவி முழுக்கக் கேட்டாள். வழக்கமாகக் கேட்கமாட்டாள்.

"அப்போ வாங்கின மறுநாளே குடிச்சிடுவீங்க. கீழே வைக்க வேண்டியதே இல்லை?"

"இல்லவே இல்லை."

அலமாரியில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. பன்னிரண்டு டிகிரியில் வண்டு வருவதில்லையாம்.