இருந்தாலும்

"கறுப்பா இருந்தாலும் பொண்ணு களையா இருக்கு."

சொன்னவர் நல்ல மனுஷி. எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, காபியை ஆற்றியபடி பாராட்டுப் பத்திரம் வாசித்தார். ஆம், பாராட்டுத்தான். கெட்ட வார்த்தை ஏதும் சொல்லவில்லை. கறுப்பு வசைச்சொல் அல்ல, களை வாழ்த்து. இரண்டுக்கும் நடுவில் பவ்வியமாகக் கைகட்டி நிற்கும் 'இருந்தாலும்'தான் செருப்பைக் கழற்றுகிறது. அதை எந்தத் தணிக்கைக்காரராலும் பிடிக்க முடியாது. அகராதியில் அதற்கு எதிரே 'இழிசொல்' என்ற குறிப்பு கிடையாது.

மாப்பிள்ளைப் பையனுக்கு ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் முழங்காலை அழுத்திக் கொன்றாரே, அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் முதலில் கொதித்தவன் இவன்தான். இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டான். அலுவலகத்தில் நிரல் கிளைக்கு இருந்த 'மாஸ்டர்' என்ற பெயரை 'மெயின்' என்று மாற்றினார்கள். எசமான், அடிமை வாடை அடிக்கக் கூடாதாம். 'பிளாக்லிஸ்ட்' என்பதையும் 'பிளாக்லிஸ்ட்' ஆக்கினார்கள். அதாவது கறுப்புப் பட்டியல் போய்த் தடுப்புப் பட்டியல் வந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். தமிழ் விவரமான மொழி.

அம்மா சொன்னதைக் கேட்டு அவன் பொங்குவான் என்று காத்திருந்தேன். பொங்கவும் செய்தான்.

"அம்மா, 'கறுப்பு'ன்னெல்லாம் சொல்லாதீங்க, 'டஸ்கி'ன்னு சொல்லுங்க." ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கேட்டான்: "வேற ஜாதகம் ஏதும் வந்திருக்கா?"

அவ்வளவுதான் விஷயம். இனம், நிறம், சாதி பற்றிய நம் நாகரிகப் பேச்சு முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடக்கம். முதல் வாக்கியம் சொல்லைத் திருத்தும். இரண்டாம் வாக்கியம் பெண்ணைக் கழிக்கும்.

அதே 2020இல்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி'க்கும் ஞானம் பிறந்தது. 1975இல் கடைக்கு வந்த களிம்பு அது. கறுப்பாக இருந்ததால் வேலை கிடைக்காத, வரன் அமையாத பெண்ணைக் காட்டி, பூசியதும் வெளுத்து, வெளுத்ததும் எல்லாம் கிடைத்ததாகக் காட்டியே வளர்ந்த களிம்பு. நாற்பத்தைந்து வருடம் சென்று, 'ஃபேர்' என்ற சொல் மனதைப் புண்படுத்தும் என்று கண்டுபிடித்து, 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. கல்யாணத் தளமான ஷாதி டாட் காமும் அந்த ஜூனில் தோல் நிற வடிகட்டியை எடுத்துவிட்டது. வடிகட்டி எதற்கு? புகைப்படம் இருக்கிறதே, கண் இருக்கிறதே, என் அக்கா இருக்கிறாரே.

நம் அரசாங்கத்துக்கோ சொல்லின் மேல் இன்னும் பெரிய கரிசனம். 2001இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. தலித் அமைப்புகள் சாதியைப் பற்றியும் பேச வேண்டும் என்றன. சாதி வேறு, இனம் வேறு, இங்கே அதைப் பேசக் கூடாது என்றது இந்திய அரசு. அடிபட்டவன் அலறினால், முதலில் அலறலுக்குச் சரியான கலைச்சொல்லைக் கொண்டுவா என்கிற கதை. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் அடித்து நொறுக்கியது. இது இனவெறி என்றார்கள் ஆப்பிரிக்கத் தூதர்கள். குற்றச் செயலை அப்படி அழைப்பது வருந்தத்தக்கது என்றது நம் வெளியுறவு அமைச்சகம். அடி விழுந்ததைவிட, அதற்கு வைத்த பெயர் அதிகம் வலித்திருக்கிறது.

அந்தச் சூட்டோடு, திருவள்ளுவர் சிலையைக் கங்கைக் கரைக்குக் கொண்டுபோன பா.ஜ.க. முன்னாள் எம்.பி. தருண் விஜய் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டின் மானத்தைக் காத்தார். நமக்கு இனவெறி இருந்தால் தமிழர், மலையாளி, கன்னடர், ஆந்திரர் என்று தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம், நம்மைச் சுற்றிக் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசினார். பாருங்கள், அதிலும் ஒரு இழிசொல் இல்லை. கறுப்பாக இருந்தாலும் கூட வைத்துக்கொண்டிருக்கிறோம் என்கிற பெருந்தன்மை மட்டுமே இருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நமக்குக் கோபம் வந்தது. வரத்தான் வேண்டும். ஆனால் எதற்கு வந்தது? நம்மை யாரோ 'சகித்துக்கொள்கிறார்கள்' என்பதற்கா, நம்மைக் கறுப்பர் என்றதற்கா? நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டாம். முகத்தைத் தொட்டுச் சொன்னால் போதும், களிம்பு கையில் ஒட்டும்.

இதுவரை படித்ததும் ஒரு கோஷ்டிக்குக் குஷி பிறந்திருக்கும். "அதான் சார், இப்பல்லாம் எதையும் வாய்விட்டுப் பேச முடியல, எல்லாத்துக்கும் புண்படுறாங்க" என்று பெருமூச்சு விடுகிற கோஷ்டி. ஐயா, நீங்கள் எதைப் பேச முடியாமல் தவிக்கிறீர்கள்? தெருவில் நின்று ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை, அவ்வளவுதானே? அந்த வாய் நாகரிகத்தால் மூடவில்லை. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்து மூட வைத்தது. அப்பன் வயதுள்ளவரை 'வாடா' என்றவன் இன்று 'வாங்க' என்கிறான் என்றால், கூப்பிடப்பட்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. சொல் சுடும். சுடப்பட்டவருக்கு அது தெரியும். உங்களுக்குச் சுடவில்லை என்பதற்காகத் தீயைக் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லாதீர்கள்.

எந்தச் சொல் என்பது இரண்டாம் கேள்வி. யார் தேர்ந்தெடுத்த சொல் என்பதே முதல் கேள்வி. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. ஊரே இழிவாக உமிழ்ந்த சொல்லை எடுத்து முகப்பில் அச்சிட்டு, நிமிர்ந்து நின்றார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் அந்தச் சொல்லையே ஏற்க மறுத்தவர். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு முடிவு. இரண்டும் அவர்களே எடுத்த முடிவு.

பிறகு காந்தியார் கருணையோடு 'ஹரிஜன்' என்று பெயர் சூட்டினார். யாரும் கேட்கவில்லை. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது அம்பேத்கர் தம் கட்சியினரோடு வெளிநடப்பே செய்தார். அது வேண்டாத சொல் என்று மத்திய அரசு உணர்ந்து, சாதிச் சான்றிதழில் எழுதாதீர்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்ல 1982 ஆயிற்று. ஆனால் அந்த மக்களே பேசிப் போராடித் தமக்கென்று வைத்துக்கொண்ட 'தலித்' இருக்கிறதே, அதைத் தவிர்த்துவிட்டு 'பட்டியல் சாதி' என்று சொல்லுங்கள் என ஊடகங்களுக்கு 2018இல் அறிவுரை வந்தது. கொடுத்த பெயரை எடுக்க, வெளிநடப்புக்குப் பிறகும் நாற்பத்து நாலு வருடம். எடுத்துக்கொண்ட பெயரைத் தடுக்க ஒரே ஒரு சுற்றறிக்கை.

தமிழ்நாடு மட்டும் சளைத்ததா? 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' ஆயிற்று. எவ்வளவு தூய்மையான சொல்! 2025 ஆகஸ்டில் அந்தத் தூய்மைப் பணியாளர்கள், எங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள் என்று சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அள்ளியபோதும் யாரும் அவர்களைப் பழைய பெயரில் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். மரியாதை தெரிந்த மாநிலம்.

இதற்கெல்லாம் உச்சம் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதால் நாட்டில் எவரும் இறக்கவில்லை என்று 2021இல் மாநிலங்களவையில் அமைச்சர் பதில் சொன்னார். அப்படியானால் மலக்குழிக்குள் இறங்கி விஷவாயுவில் செத்தவர்கள்? அவர்கள் வேறு கணக்கு. அவர்கள் 'சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளை அபாயகரமாகச் சுத்தம் செய்தபோது' இறந்தவர்கள். கையால் மலம் அள்ளுவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்டதால் அது இல்லை. இல்லாததால் எவரும் சாகவில்லை. பிணம் மட்டும் குழியின் ஓரத்தில் கிடக்கிறது, அதன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். அவளுக்கு அந்த வித்தியாசத்தை யார் போய்ச் சொல்வது?

சொல்லை மாற்றுவது குற்றமல்ல. சொல்லை மாற்றிவிட்டு, மாற்றிய கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறோமே, அது குற்றம். நாவைக் கழுவுகிறோம், குழியைக் கழுவ இன்னும் அதே ஆளை இறக்குகிறோம். இனத்தையும் சாதியையும் பற்றி நாம் பேசுவதை நாகரிகச் சொல் கெடுத்துவிடவில்லை. நாம் பேசத் தொடங்கவே இல்லை. எப்படி அழைப்பது என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடுகிறது, பஜ்ஜி வந்துவிடுகிறது.

இப்போது உங்களில் யாரோ ஒருவர், "எல்லாம் சரிதான், இருந்தாலும்..." என்று இழுக்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த வாக்கியத்தை முழுசாக, உரக்க, காபித் தட்டோடு வந்து நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள். வாய் வரவில்லை என்றால், கோளாறு சொல்லில் இல்லை.