படை வந்தால் பீர் வரும்

1660-இல் முகலாயத் தளபதி சாயிஸ்தா கான் பெரும்படையோடு வந்து புனே அருகே சாகண் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்தார். சங்கிராம துர்க்கம் என்று பெயர்தான் முறுக்காக இருக்கும். மலையும் கிடையாது, மேடும் கிடையாது, வெறும் தரைக்கோட்டை. உள்ளே சிவாஜியின் ஆளான பிரங்கோஜி நர்சாலா இருந்தார். அடைமழைக் காலம். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்துத்தான் கான் உள்ளே நுழைந்தார். "நம்மிடம் வேலைக்கு வாருமய்யா" என்று நர்சாலாவைக் கூப்பிட்டும் பார்த்தார். வரவில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு: இரு தரப்பிலும் ஒருவரும் பீர் குடிக்காமலே இத்தனையும் நடந்தது. மூன்று வருடம் கழித்துப் புனே லால் மஹாலில் சிவாஜி கானின் விரல்களை வெட்டிவிட்டதால், பின்னால் கிடைத்திருந்தாலும் கோப்பையைப் பிடிக்கச் சிரமப்பட்டிருப்பார்.

பீர் தாகம் உள்ள படை 1817-இல்தான் வந்தது. நவம்பர் 5, புனே அருகே கட்கிப் போர். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் பர்வதி குன்றின்மேல் நின்று, தாம் தோற்பதை நல்ல இடத்திலிருந்து பார்த்தார். வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட் போட்டான்; கட்கி அவன் வாயில் கிர்கி ஆனது. ஆனால் சோல்ஜருக்குத் தொண்டை வறண்டது. அவன் பீர் லண்டனில் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, நாலைந்து மாதம் வெயிலில் குலுங்கி வந்து சேர வேண்டும். ஒரு பேரரசு இப்படியா நடக்கும்?

அதனால் பட்டறையே இங்கு வந்தது. எட்வர்ட் டயர் என்பவர் கசௌலி மலையில் பீர் காய்ச்சினார். (ஜாலியன்வாலா பாக் டயரின் தகப்பன். பீர் நன்றாக இருந்ததாம். பிள்ளை விஷயம் உங்களுக்கே தெரியும்.) 1887-இல் மீக்கின் என்பவர் டயரின் பட்டறைகளை வாங்கி, ராணிகேத், டல்ஹௌசி, டார்ஜிலிங் என்று கிளை பரப்பினார். அந்த வரிசையில் கிர்கியும் உண்டு. மற்றதெல்லாம் குளிர்மலை, கிர்கியில் மட்டும் குளிரைவிடச் சோல்ஜர் அதிகம். நம் நீலகிரியும் சும்மா இருக்கவில்லை: 1857-லேயே அங்கே கேஸில் பிரூவரி. 1915-இல் தாமஸ் லீஷ்மன் தென்னாட்டுப் பட்டறைகள் ஐந்தைச் சேர்த்துக் கட்டியதுதான் யுனைடெட் பிரூவரீஸ்.

வெள்ளைக்காரன் போனான், 1949-இல் டயர் மீக்கின் கம்பெனி என்.என்.மோகன் கைக்கு வந்து, பிற்பாடு மோகன் மீக்கின் ஆனது. அதே 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டமும் வந்தது. அதை முன்னின்று நடத்திய மொரார்ஜி தேசாய் வேறொரு பானத்தில் நம்பிக்கை வைத்தவர், பேச வேண்டாம். அந்தச் சட்டம் மகாராஷ்டிரத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. குடிக்க விரும்புகிறவர் பர்மிட் வாங்க வேண்டும், அதுவும் "உடல்நலத்தைப் பேணிக் காக்க". ஒரு நாளுக்கு 5 ரூபாய், ஆயுளுக்கு 1,000 ரூபாய். கணக்குப் போட்டால் இருநூறு நாளுக்கு மேல் குடித்தாலே ஆயுள் பர்மிட் லாபம். உடல்நலம் அவ்வளவு நாள் தாங்குமா என்று சட்டம் சொல்லவில்லை. பார் வாசலில் "பர்மிட் ரூம்" என்று போர்டு தொங்குவது இந்தப் புண்ணியத்தால்தான்.

2009-இல் சாகணுக்கு மறுபடியும் படை வந்தது. இம்முறை முற்றுகை இல்லை. மாநில அரசே சிவப்புக் கம்பளம் விரித்தது. வோக்ஸ்வாகன் தொழிற்சாலை அந்த வருடம் திறந்தது. மெர்சிடிஸும் அங்கேயே வந்து சேர்ந்தது. அதே 2009-இல் புனேயின் கொரிந்தியன்ஸ் கிளப்பில், மகாராஷ்டிரத்தின் முதல் மைக்ரோபிரூவரியான டூலாலி திறந்தது. காய்ச்ச வந்தவர் ஆலிவர் ஷௌஃப் என்ற ஜெர்மானியர். கார் ஒரு பக்கம், பீர் ஒரு பக்கம், இரண்டுக்கும் ஜெர்மன் கை. தற்செயல் என்பார்கள், கட்கி சோல்ஜரைப் பார்த்த பிறகு எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அதன்பின் இன்டிபென்டென்ஸ், எஃபிங்கட், கிரேட் ஸ்டேட் என்று ஊரே நுரைத்தது. தேனைப் புளிக்கவைத்து மூன்ஷைன் என்று ஒன்றும் வந்தது. ஒரு காலத்தில் பேஷ்வாக்கள் ஆசாரம் காத்த ஊர் இது.

டூலாலி என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாசிக் அருகே தேவ்லாலியில் பட்டாளத்து முகாம். பணி முடிந்த சோல்ஜர்கள் ஊருக்குப் போகக் கப்பல் வரும்வரை அங்கே மாதக்கணக்கில் காத்திருந்து கிறுக்குப் பிடித்தார்கள். ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் பைத்தியத்துக்குப் பெயராகிவிட்டது. புனே–நாசிக் சாலை சாகண் வழியாகத்தான் போகிறது. ஷிப்டு முடிந்து லாரிகளுக்கு நடுவே சாகண் சந்திப்பில் மாட்டிக்கொண்டால், நேரே வடக்கே பாருங்கள். தேவ்லாலி அந்தப் பக்கம்தான்.