கூப்பிட்டா வரும்

ஒவ்வொரு சாஃப்ட்வேர் அலுவலகத்திலும் ஒரு குட்டிமொழியார் இருப்பார். சம்பளக் கணக்குக்கு புரோகிராம் எழுதச் சொன்னால், சம்பளக் கணக்கு எழுதுவதற்கென்றே முதலில் ஒரு மொழி எழுதுவார். அதற்கு இரண்டு மாதம். பிறகு அந்த மொழியில் மூன்றே வரியில் வேலையை முடித்துவிட்டு, "ஹெச்ஆர் மேடமே படிச்சுப் புரிஞ்சுக்கலாம்!" என்பார். மேடம் இன்றுவரை படித்ததில்லை. படிக்கும் உத்தேசமும் இல்லை.

ரூபிதான் அவருக்கு இஷ்ட தெய்வம். ரூபியில் இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால், 'மெத்தட்_மிஸ்ஸிங்' என்றொரு வாசலுக்கு அழைப்பு போகும். குட்டிமொழியார் அங்கே ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார். வருகிற பெயரைப் பார்த்து அந்த ஆள் அப்போதைக்கப்போது பதில் சமைத்துக் கொடுப்பார்.

புதிதாகச் சேர்ந்த பெண் அரை நாள் தேடிவிட்டு வந்தாள்.

"அண்ணா, 'மார்ச்_பிஎஃப்' மெத்தட் எந்த ஃபைல்ல இருக்கு?"

"எங்கயும் இல்லம்மா. கூப்பிட்டா வரும்."

"ஸ்பெல்லிங் தப்பாக் கூப்பிட்டா?"

"அப்பவும் வரும்."

வந்தது. அவள் ஓர் எழுத்தை விட்டுவிட, வாசல்காரர் அறியாத பெயருக்குப் பூஜ்யம் என்று பதில் சொல்லிவிட்டார். ஜாவாவாக இருந்தால் கம்பைலரே மறித்திருக்கும். ரூபியில் ஓடும்போதுதான் வண்டவாளம் தெரியும். அந்த மாதம் ஒருவருக்கும் பிஎஃப் பிடிக்கவில்லை. அலுவலகமே குட்டிமொழியாரைக் கொண்டாடிய ஒரே மாதம் அதுதான்.

குட்டிமொழிகள் மேல் எனக்குக் கோபமில்லை. எஸ்க்யூஎல் இல்லாமல் பிழைக்க முடியுமா? மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதும் ஒரு குட்டிமொழிதானே. ஆனால் அது சந்தைக்கே தெரியும். இவர் துண்டுக்குள் தன் கையையே தான் பிடித்துக்கொள்கிறார்.

ஒருமுறை அவரிடம், புரோகிராம்களைக் கட்டித்தரும் 'மேக்' என்ற கருவியின் கதையைச் சொன்னேன். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டார். தொல்லை என்று புரிந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சிரமப்படுத்த மனமில்லை. உலகம் இன்னும் டேப் தட்டுகிறது. கேட்டவர் முகம் மலர்ந்தது.

"நமக்கு யூசர் ஒன்பது பேர்தான் சார். இன்னும் நேரமிருக்கு."

இப்போது நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். தினம் இரண்டு மணிநேரம் கேடி, அதாவது தெரிந்ததையெல்லாம் எங்களிடம் ஒப்படைக்கும் வகுப்பு. நேற்று ஒரு வரியில் நின்று, தலையைச் சொறிந்து, "எவன் எழுதினது இது?" என்றார்.

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' போட்டுப் பார்த்தோம். பிறகு யாரும் பேசவில்லை. டீ குடிக்கப் போய்விட்டோம்.