கடல் தாண்டாமலே ஒரு மகள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தெரிந்த குடும்பம் ஒன்று சீனாவுக்குப் போய்ப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தது. நாங்களும் அப்படிப் போகலாமா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: போக முடியாதம்மா. 2024 செப்டம்பரில் சீனா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. நெருங்கிய இரத்த உறவுக்கும் துணைவரின் பிள்ளைக்கும் மட்டுமே விலக்கு. 1992 முதல் 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கிருந்து வெளிநாடு போனார்கள். ‘வீட்டுக்கு ஒரு பிள்ளை’ சட்டத்தில் கைவிடப்பட்ட பெண் குழந்தைகளே அதிகம். நாம் விரல் நீட்ட முடியாது. அதே 1992-இல்தான் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. காரணமும் அதேதான்: பெண் பிள்ளை வேண்டாம் என்ற மனம். இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

முத்துக் கடற்கரைக்காரர் நீங்கள். வெளியிலிருந்து வந்ததைத் தன்னதாக்கிக்கொள்ளும் சிப்பியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டாம். பெரியாழ்வாருக்கு மகள் கிடைத்தது பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில், பாஸ்போர்ட் தேவைப்படவில்லை!

உங்களுக்கும் வேண்டாம். ‘காரா’ எனும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தளத்தில் பதியுங்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். 2022 முதல் தத்து ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர்; கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் காத்திருப்பு நீளம், வருடக்கணக்கில். சற்று வளர்ந்த பிள்ளைக்கும் மனதில் இடமிருந்தால் அது குறையும். ஆஸ்பத்திரி வாசலில் “குழந்தை இருக்கு, பணம் கொடுங்க” என்று எவராவது வந்தால் நேரே போலீஸுக்குப் போங்கள். அது தத்து அல்ல, விற்பனை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தம்பதியின் வயதுக் கூட்டல் 85-ஐத் தாண்டக்கூடாது. இன்றிரவே கூட்டிப் பாருங்கள்.